என் வில்லுக்குச் சந்தனம் பூசினார்கள்

பந்தல்குடி
10-7-1972, திங்கள்

நேரங்கெட்ட நேரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுவதற்கு மன்னித்துவிடு, மாரிக்கனி. திரியைத் தணித்துத்தான் வைத்திருக்கிறேன். நீ புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவும் நின்றுவிடுகிறது. பகலில் எழுத உட்கார்ந்தால் உன் அப்பத்தா, "என்னத்தா, கலெக்டருக்கு மனுவா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

இன்று உன் அப்பாவோடு மதுரைக்குப் போய்த் தோளைக் காட்டிவிட்டு வந்தேன். தையல் நன்றாக ஆறிவிட்டதாம். முன்பக்கத்தை இறுக்கித் தைத்திருப்பதால் இனிமேல் மூட்டு நழுவாது, ஆனால் வலது கை பின்னால் பழையபடி போகாது என்றார் டாக்டர். "வீட்டு வேலைக்கு இது தாராளமாப் போதும்மா." எனக்கு எவ்வளவு போதும் என்பது ஊரில் எல்லா ஆண்களுக்கும் தெரிந்திருக்கிறது.

"வில் இழுக்கலாமா டாக்டர்?" என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"காலேஜில் விட்டுக்கொண்டிருந்தேன். போட்டிக்கெல்லாம் போயிருக்கிறேன்."

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்றார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவர், "ஆளுக முன்னாடி மானத்த வாங்கிட்டயே" என்றார். ஒரு கேள்வியில் போய்விடுகிற மானத்தை இத்தனை காலம் எதில் முடிந்து வைத்திருந்தார்களோ.

14-7-72

வில்லை நினைத்தா டாக்டரிடம் கேட்டேன்? வில்லை மட்டுமா?

போன வருஷம் கிணற்றில் வாளி எங்கோ மாட்டி, வெட்டி இழுத்தபோது முதல் தடவை மூட்டு கழன்றது. பிறகு துணி காயப்போடும்போது ஒரு தடவை. கடைசியில் மாரிக்கனியைத் தொட்டிலிலிருந்து தூக்கியபோது. கை என் கையாகவே இல்லை. பிள்ளை நழுவிக்கொண்டே போகிறாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கால் முட்டியில் தாங்கி எப்படியோ பிடித்தேன். அன்றிலிருந்து அத்தை என் வலது பக்கம் பிள்ளையைக் கொடுப்பதில்லை. "ஓங்கையில குடுக்க எனக்கு ஈரக்கொல நடுங்குது." எனக்கும்தான் நடுங்குகிறது. அதைச் சொல்லி அவர்களுக்கு ஒரு வெற்றியைக் கொடுப்பானேன்?

வில் இழுத்த கை என்று நானாக நம்பினால்தான் பிள்ளையைத் தூக்குவேன். இதை யாரிடம் விளக்குவது.

22-7-72

சுவரில் வலது கை விரலை ஏற்றி ஏற்றிப் பழகுகிறேன். எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டேன். அத்தை சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். நாளைக்கு அதற்கு மேலே போடுவேன்.

6-8-72, ஞாயிறு

பரணிலிருந்து வில்லை இறக்கினேன். மதுரையில் கல்லூரியை விட்டு வரும்போது சௌந்தரம் மிஸ் கொடுத்தது. எங்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியை அவர்தான். "கல்யாணப் பரிசாகக் குத்துவிளக்கு நிறைய வரும், இது வராது" என்று சொல்லிக் கொடுத்தார். கல்யாணமாகி வந்ததும் இந்த வீட்டில் இதைக் கொடியாகக் கட்டிப் பாவாடை காயப்போடலாமா என்று யோசித்தார்கள்.

நாண் ஏற்றுவதற்குள் வியர்த்துவிட்டது. வலது கையால் இழுத்தேன். பாதி வழி வந்தது. அதற்குமேல் யாரோ உள்ளேயிருந்து தோளைப் பிடித்துக்கொண்ட மாதிரி. இன்னொரு தடவை. அவ்வளவுதான்.

என்னை நானே திட்டிக்கொண்டேன்: எதுக்கு இந்தச் சனியன எறக்குன? பேசாம இருந்திருக்கலாம்ல?

20-8-72

இடது கை! எப்படித் தோன்றாமல் போயிற்று? வலது கை வில்லைத் தாங்கினால் போதும், நேராக முன்னால் நீட்ட அது வருகிறது. இழுக்கிற வேலையை இடது கைக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வில்லுக்கு வலப்பக்கம் இடப்பக்கம் என்று கிடையாது. மனிதர்களுக்குத்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பருத்திக் கடை அடைப்பு. பின்னால் கிட்டங்கியில் பருத்திப் பொதிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. இதைவிட நல்ல இலக்கை எங்கள் கல்லூரியே கண்டதில்லை. முதல் அம்பு தரையில் போயிற்று. அடுத்தது பொதியின் ஓரத்தில் தைத்தது, 'பொத்' என்று, பஞ்சுக்குள் போகிற அந்தச் சத்தம்! மாரிக்கனி கை தட்டினாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

3-9-72, ஞாயிறு

அத்தை பார்த்துவிட்டார்கள்.

"பீச்சாங்கையிலயா வில்ல இழுக்க? அம்மன் கோயிலுக்கு அம்பு விடுற வீட்டுலயா? ஏத்தா, குடும்பம் வெளங்குமா?"

அந்த அம்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். விஜயதசமியன்று மகர்நோன்பு. அம்மன் குதிரை வாகனத்தில் ஊருக்கு வெளியே பொட்டலுக்கு வரும். அங்கே ஒரு வாழை நட்டிருப்பார்கள், அதுதான் அசுரன். வில்லை அம்மன் காலில் வைத்துப் பூசாரி எடுத்துக்கொடுக்க, இந்த வீட்டு மூத்த ஆண் வாழையில் அம்பு விட வேண்டும். தைத்தால் ஐப்பசி மழை உண்டு. இப்போது அந்த மூத்த ஆண் இவருடைய அண்ணன், என் மச்சாண்டார் வெள்ளத்துரை. நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு வருஷம்கூட அம்பு தைத்ததில்லை. வாழையின் காலடியில் பொத்தென்று விழும். பூசாரி அதை எடுத்துக் கையால் குத்திவிடுவார். பெண்கள் குலவையிடுவார்கள். மச்சாண்டார் மீசையைத் தடவிக்கொள்வார். நிற்கிற தூரமோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடுவார்.

இது வலது கை. இது விளங்கும்.

17-9-72

ஊர்க்கூட்டத்தில் கலாட்டாவாம். ரெண்டு வருஷமாக மழை இல்லை. திருச்சுழிப் பக்கம் கம்பு முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது. "அம்பு தைக்கவா செய்யுது? கையால குத்தத்தான செய்றாக" என்று எம்.ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டாராம். இந்த வருஷமும் விழுந்தால் அம்பு விடுகிற உரிமையை வேறு வீட்டுக்கு மாற்றுவதாகப் பேச்சு. போதாக்குறைக்குக் கோயிலின் பழைய மூங்கில் வில்லும் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது.

வீடு முழுக்க எழவு விழுந்த மாதிரி முகங்கள். எனக்குச் சிரிப்பை அடக்கத்தான் பெரும் பாடு.

சாயங்காலம் மச்சாண்டார் வந்தார். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேரே பேசக்கூடாது. அவர் எதிரில் நான் நிற்கவும் கூடாது. நான் கதவுக்குப் பின்னால். அவர் முற்றத்தில் மாரிக்கனியைப் பார்த்துப் பேசினார்.

"பாப்பா, உங்கம்மாட்ட ஒரு வில்லு இருக்காம்ல? பெரியப்பாவுக்குத் தருவாகளான்னு கேளு."

"மாரிக்கனி, தருவேன்னு சொல்லு. மகர்நோன்பு முடிஞ்சதும் திரும்ப எங்கைக்கு வந்துறணும்னு சொல்லு. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழம கிட்டங்கில நானும் பழகுவேன்னு சொல்லு."

மாரிக்கனி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நின்றாள்.

"சரின்னு சொல்லு, பாப்பா."

24-9-72, ஞாயிறு

வயிறு வலிக்கச் சிரித்தேன். பொதி அடுக்குக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மச்சாண்டார். நடுவில் ஒரு மூட்டையின்மேல் மாரிக்கனி. இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

"பாப்பா, பெரியப்பா நேராத்தான நிக்கேன்? கேளு."

"வெள்ளாட்டப் பிடிக்கப் போற மாதிரி குனிஞ்சு நிக்கிறாகன்னு சொல்லு."

"பெரியப்பா, வெள்ளாடு எங்க?" என்றாள் இவள்.

அம்பு சன்னல் கம்பியில் பட்டு விழுந்தது.

"விடும்போது கண்ண மூடிக்கிறாகன்னு சொல்லு."

"யாரு மூடுனா? பஞ்சுத் தூசி!"

"தூசி அம்பு விடும்போது மட்டும் வருமான்னு கேளு."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோபமோ? பிறகு ஒரு சத்தம் கேட்டது. மனிதர் சிரிக்கிறார்! ஊரையே அரட்டுகிற ஆள், பொதிக்குப் பின்னால் தனியாகச் சிரிக்கிறார்.

1-10-72

நாணை நெஞ்சுக்கு இழுக்காமல் தாடைக்கு இழுக்கச் சொன்னேன். முழங்கையை உயர்த்தச் சொன்னேன். சொன்னதைச் செய்கிறார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இவர் என்றால், "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று இழுத்து மூக்கை அறுத்துக்கொண்டிருப்பார்.

கடைசியில், "உங்கம்மா ஒரு தடவ விட்டுக் காட்டுவாகளான்னு கேளு" என்றார். வில்லை மூட்டையின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் வந்து எடுத்து, இடது கையால் இழுத்து விட்டேன். நடுப்பொதியில், இறகு மட்டும் தெரிய. தோள் வலித்தது, ஆனால் அங்கேயே இருந்தது. மறுபடி பொதிக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவர் அம்பைப் பிடுங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"பீச்சாங்கைன்னு அம்புக்குத் தெரியாது போல, பாப்பா."

17-10-72, செவ்வாய்

தைத்துவிட்டது.

மச்சாண்டார் பழைய இடத்திலிருந்து விட்டார், அவர் அப்பா காலத்தில் நின்ற தூரத்திலிருந்து. "வேண்டாம்ணே, கிட்டக்கப் போங்க" என்று இவர் காதோரம் கெஞ்சியது எனக்கே கேட்டது. அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழங்கை உயர்ந்தது. நாண் தாடைக்கு வந்தது. கண், நல்லவேளை, திறந்திருந்தது. வாழைத்தண்டில் அம்பு நின்று ஆடியது. பூசாரி பழக்கதோஷத்தில் ஓடிப்போய்க் குத்துவதற்குக் கையை நீட்டிவிட்டு, அசட்டுச் சிரிப்போடு நின்றார். பொட்டல் முழுக்கக் குலவை. எம்.ரெட்டியபட்டிக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

அத்தை அழுதார்கள். "எம்மவன் கைராசி, ஒரே அம்புல அசுரன முடிச்சுட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னார்கள், என்னிடமும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கூட்டத்தில் தெரியவில்லை என்று மாரிக்கனி சிணுங்கியபோது நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம். அம்பு போய்த் தைக்கிற வரைக்கும், தைத்த பிறகும்.

18-10-72

வில் வரவில்லை.

21-10-72, சனி

விடியக்கருக்கலிலிருந்து மழை. நல்ல மழை. கிட்டங்கிக் கூரை ஒழுகிப் பொதிகளை நகர்த்த வேண்டியதாயிற்று. ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

மத்தியானம் பூசை அறையில் பார்க்கிறேன், என் வில்! மேலிருந்து கீழ்வரை சந்தனம், இடையிடையே குங்குமம், கழுத்தில்... வில்லுக்கு ஏது கழுத்து, இவர்கள் கண்டுபிடித்து மாலை போட்டிருக்கிறார்கள்.

"அது என் வில், அத்தை."

"வாயக் கழுவு. மழையக் கொண்டாந்த வில்லு. சாமி வில்லு அது. வீட்டுக்குத் தூரமாகுற பொம்பள தொடலாமா?"

இவரிடம் சொன்னேன். "மழ பேஞ்சிருச்சே, இனி என்ன செய்யச் சொல்ற?" என்றார். மழைக்கு என்னவோ நான்தான் காரணம் என்பது போல. ஆமாம், நான்தான். முழங்கையை நான்தானே உயர்த்தினேன். குறி தப்பியிருந்தால் வில் என்னிடம் இருந்திருக்கும். வெள்ளாடு பிடிக்கிற மாதிரியே நின்னு விடட்டும்னு விட்டிருக்கணும். அறிவுகெட்டவ. கத்துக்குடுக்கப் போனா பாரு, பெரிய மிஸ்ஸு.

போகட்டும், நாணையாவது கழற்றி வைத்தார்களா? இல்லை. ஏற்றிய நாணோடு நிற்கிறது. சந்தன ஈரத்தில் மரம் வளைந்துபோகும். சாமி கும்பிடத் தெரிகிறது, ஒரு நாணைக் கழற்றத் தெரியவில்லை.

29-10-72, ஞாயிறு

இன்று கிட்டங்கிக்குப் போகவில்லை. எதற்குப் போவது?

மச்சாண்டாரே வீட்டுக்கு வந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம். முற்றத்தில் மாரிக்கனி மழைத்தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"பாப்பா, பெரியப்பா சொன்ன சொல்லக் காப்பாத்த முடியல. ஆத்தாட்ட ரெண்டு நாளு மல்லுக்கட்டியாச்சு. சாமி முன்னாடி இருக்கிறத எடுத்தா ஊரு என்னயக் கொன்னுரும். உங்கம்மாட்ட..." என்று நிறுத்தினார்.

மாரிக்கனி தவளையைக் கண்டு ஓடிவிட்டாள். முற்றத்தில் அவர் மட்டும். கதவுக்குப் பின்னால் நான் மட்டும். போய்விடுவார் என்று நினைத்தேன்.

"நம்ம லாரி வியாழக்கிழமை மதுரைக்கு லோடு கொண்டு போகுதும்மா. காசிம் நல்ல டிரைவரு. ஒங்க டீச்சருட்டச் சொல்லி வேற வில்லு கெடச்சா, வரும்போது வெறும் சாக்குக்கடியில வச்சுக் கொண்டாருவான். ஆத்தாவுக்குத் தெரிய வேணாம். பொதிய நகத்தி எடம் போட்டு வச்சிருக்கேன்."

நேராகச் சொன்னார். கதவைப் பார்த்து. யாரையும் சொல்லச் சொல்லவில்லை. "சரிங்க" என்றேன். நாணை மட்டும் இரவில் கழற்றி வைக்கச் சொன்னேன். "கழட்டிட்டேன்" என்றார்.

காலையில் தபாலில் சேர்க்க மிஸ்ஸுக்கு எழுதியதன் நகல்:

அன்புள்ள சௌந்தரம் மிஸ், நீங்கள் கொடுத்த வில் இப்போது எங்கள் வீட்டில் தெய்வமாகிவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை, தினமும் சூடம் காட்டுகிறார்கள். வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. இப்போது இடது கையால் இழுக்கிறேன், குறி தப்புவதில்லை. கல்லூரியில் பழைய வில் ஏதாவது, இழுவை குறைந்ததாக, ஒடிந்து ஒட்டியதானாலும் சரி, இருந்தால் எங்கள் லாரி டிரைவர் காசிமிடம் கொடுத்தனுப்புங்கள். வியாழக்கிழமை வருவார். சந்தனம் பூச மாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரியாவது சீக்கிரம் பதில் எழுதுங்கள்.