பிளோவ்டிவுக்கு ஒதுக்கிய லீவு

அக்கா,

இன்று காலை குளிர்காலத் துணிகளை எடுக்க மேல் அலமாரியைத் திறந்தேன். பாப்பாவின் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து ரோஜா வாசனை வந்தது. உங்கள் தோழி ரத்கா கொடுத்த ரோஜாத் தைல மரக்குப்பி. விரல் நீளம்கூட இல்லாத, சிவப்பும் பச்சையும் பூசிய, பார்த்தால் பொம்மை என்று தோன்றும் குப்பி. ஊருக்குக் கிளம்பும்போது "இது இங்கயே கெடக்கட்டும், துணியில பூச்சி வராது" என்று என் அலமாரியில் போட்டுவிட்டுப் போனீர்கள். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. எப்படியோ கசிந்து, என் பிள்ளையின் சட்டையெல்லாம் உங்கள் அறை போல மணக்கிறது.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு இரங்கல் கடிதம் இவர்தான் எழுதினார், நான் கீழே பெயரைப் போட்டேன். 'ஆன்மா சாந்தியடைய' என்று ஒரு வாக்கியம். அதற்குள் நீங்கள் எங்குமே இல்லை. இன்று எழுத உட்கார வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குவைத்தில் ஃபர்வானியாவின் இந்த ஃபிளாட்டில் ஒரு அறை எங்களுக்கு, ஒரு அறை உங்களுக்கு, சமையலறை பொது. நீங்கள் குடிவந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? பாப்பா கைக்குழந்தை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அழுதுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வெள்ளை ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து பிள்ளையை வாங்கினீர்கள். குப்புறப் போட்டு முதுகைத் தட்டினீர்கள். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது.

"வயித்துல காத்து, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்குத்தான் வெப்ராளம்."

வெப்ராளம் என்றால் மனப்பதற்றம் என்று கும்பகோணத்துக்காரிக்கு நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போதும் வைத்துப் பார்க்கிறேன்.

பிளோவ்டிவ் நம் வீட்டுக்குள் ஒரு காலண்டராக வந்தது. உங்கள் வார்டில் வேலை பார்த்த பல்கேரிய நர்ஸ் ரத்கா, தன் ஊர்ப் படங்கள் போட்ட காலண்டரைக் கொடுத்தாள். நீங்கள் அதைக் கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டினீர்கள். மலைச்சரிவில் வண்ணம் பூசிய பழைய மர வீடுகள். மாடிகள் தெருவுக்கு மேலே நீண்டு எதிர்வீட்டு மாடியைத் தொடப் போவது போல நிற்கும். ரோமானியர்கள் கட்டிய கல் அரங்கம். கடைவீதி நடுவே பழைய பள்ளிவாசல்.

"ஏழு மலை இருந்த ஊராம் மக்கா. ஒரு மலைய ஒடச்சு ரோட்டுக்குக் கல்லு போட்டுட்டாவளாம்."

"அப்ப ஆறுமலைதானா? எங்க மாமியார் கேட்டா பெருமாளுக்கு எந்த மலை போச்சுன்னு அழுவாங்க."

"அழட்டும். கூட்டிட்டு மட்டும் வந்துராத."

நீங்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உங்கள் லீவுகளின் கதை எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு லீவில் தங்கையின் பிரசவம். இன்னொன்றில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அண்ணன் வீட்டுக் கூரை வார்த்தபோது ஒரு லீவு. அட்டைப்பெட்டிகளைக் கயிற்றால் கட்டி, பெயரெழுதி, விமான நிலையத்தில் எடை பார்த்து, பாதியைப் பிரித்து வெளியே எடுத்து, மறுபடி கட்டி. "லீவுன்னா என்னன்னு நெனச்ச? அங்க போயி பாக்குற டூட்டி" என்பீர்கள். அதனால்தான் அடுத்த லீவில் முதல் பத்து நாள் பிளோவ்டிவ், அப்புறம்தான் ஊர் என்று தீர்மானித்தீர்கள். ரத்காவின் அம்மா பழைய ஊருக்குள் இருந்தார். மாடி அறை உங்களுக்கு. என்னையும் பாப்பாவையும் கூப்பிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை காலைகளில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

"மொத நாளு தூங்கணும்."

"ரெண்டாம் நாள்?"

"தூங்கி எந்திச்சு, வாசல்ல இருந்து போற வாற ஆளுவளப் பாக்கணும். மூணாம் நாளு கடைத்தெரு. ஒரு காப்பி. அந்தக் கல்லுப்படியில போயி இருக்கணும். பையப் போவணும் பிள்ளே. ஒரு நாளைக்கு ஒரு எடம். ரெண்டு எடம் போனா அது சோலியாயிரும்."

"பாப்பாவுக்குப் பால்?"

"அந்த ஊருல பசுமாடு இருக்காதா?"

"காய்ச்சல் வந்தா?"

"கூட வாறது யாரு? கசாப்புக்கடைக்காரனா?"

ஒரு நாள் இவர் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "அந்தப் பக்கம்தானேக்கா டிவியில தெனமும் குண்டு போடுறானுங்க?" ரத்கா அன்று வந்திருந்தாள். நீங்கள் மொழிபெயர்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அது பக்கத்து நாடு, தன் ஊரில் நடப்பதற்குக்கூட யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்றாள். நீங்கள் முடித்து வைத்தீர்கள்: "தம்பி, குண்டுக்குப் பயந்தா நான் திரும்பவும் குவைத்துக்கு வந்திருப்பனா?" தொண்ணூறில் போர் வந்தபோது பாலைவனம் கடந்து அம்மான் நகரத்துக்கு ஓடி, ஊர் போய், வேலை கூப்பிட்டதும் திரும்பி வந்தவர் நீங்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. காலண்டரைத் திருப்ப வலது கையைத் தூக்கினீர்கள், தூக்கிய கை பாதியில் நின்றது. என்னக்கா என்றேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுச் சொன்னீர்கள், கறிக்கு உப்பு குறைவு என்று சொல்கிற குரலில்.

"மார்ல ஒரு கட்டி. போன ரமலான் டூட்டியிலயே கண்டேன்."

"யார்கிட்ட காட்டினீங்க?"

"காட்டல. இது கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற வருசம். எங்க ஆஸ்பத்திரியிலயே ஃபைல் தொறந்தா வார்டு முழுக்கத் தெரிஞ்சிரும். அன்ஃபிட்டுன்னு ஒருத்தன் எழுதிட்டான்னா கலாஸ், வேல போச்சு. ஊருல போயி பாத்துக்கிடலாம்."

ஊரில் போய்ப் பார்த்துக்கலாம். இந்தச் சீமையில் நாம் எல்லோரும் சொல்வதுதானே அக்கா. இவருடைய சொத்தைப்பல் ஊருக்காகக் காத்திருந்தது. கீழே பக்காலா மளிகைக்கடைக்காரர் குடலிறக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இரண்டு வருடம் அரிசி மூட்டை தூக்கினார். சம்பாதிக்கிற உடம்பு இங்கே, வலிக்கிற உடம்பு ஊரில் என்று பிரித்து வைத்துக்கொண்டோம். நர்ஸான நீங்களும்.

நான் அழுதேன், சண்டை போட்டேன். கடைசியில் ரத்காவிடம் நீங்களே சொன்னீர்கள். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பிளோவ்டிவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, என் சித்தி அங்கே வேலை செய்கிறாள், வந்த மறுநாளே காட்டலாம், குவைத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பயணம் வேறொன்றாகிவிட்டது. நீங்கள் மட்டும் விடவில்லை. "மொத நாளு தூக்கம். ஆஸ்பத்திரி ரெண்டாம் நாளுதான்" என்றீர்கள். லீவு மே மாதத்துக்குக் கிடைத்தது. ரத்காவின் அம்மா மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அப்புறம் உங்கள் அண்ணனின் ஃபோன். மூத்தவளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, மே மாதம் கல்யாணம், நீ இல்லாமல் ஆகாது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. "லீவு போட்டாச்சாமே? ஏசுவாப் பாத்துக் குடுத்திருக்காரு." நீங்கள் "செரிண்ணே, செரிண்ணே" என்று மட்டும் சொன்னீர்கள்.

"கட்டி இருக்குன்னு அவருகிட்ட சொல்லுங்கக்கா. கல்யாணத்துக்கு அப்புறம்கூட பிளோவ்டிவ் போகலாம். இல்லேன்னா கல்யாணத்துக்கு முன்னாடி."

"கல்யாண வீட்டுல இதச் சொல்லுவாவளா பிள்ளே? மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாவ, குடும்பத்துல இந்தச் சீக்கு ஓடுதுன்னு பேச மாட்டாவளா? ஊருலயும் ஆஸ்பத்திரி இருக்குல்லா. போனதும் காட்டிருவேன்."

காலண்டரை நீங்கள்தான் கழற்றினீர்கள். ஏப்ரல் கடைசியில் அட்டைப்பெட்டிகளோடு கிளம்பினீர்கள். வலது தோளில் எதையும் மாட்டவில்லை. அதைக் கவனித்தது நான் ஒருத்திதான்.

போனதும் காட்டவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றீர்கள். பிறகு மறுவீடு முடியட்டும். நான் இங்கிருந்து ஃபோன் கார்டு வாங்கி வாங்கிப் பேசினேன். பந்தியில் பரிமாறினேன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். கடைசியாகத் திருவனந்தபுரத்தில் காட்டியபோது கல்லீரல் வரை போயிருந்தது. முன்பே வந்திருந்தால் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அதையும் நீங்கள்தான் சொன்னீர்கள், வேறு யாருக்கோ நடந்தது போல.

கடைசி ஃபோனில் மூச்சு வாங்கியது. "பாப்பா நடக்காளா?" என்றீர்கள். ஓடுகிறாள் என்றேன். பிறகு, "இப்ப அங்க வெயிலா மழையா?" குவைத்தில் எப்போது மழை பெய்தது என்று சொல்லப் போனேன். அப்போதுதான் புரிந்தது, நீங்கள் எந்த ஊரைக் கேட்கிறீர்கள் என்று. எனக்குத் தெரியவில்லை அக்கா. வெயில் என்று சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இல்லை.

இனி அந்தக் காரணம். மூன்று மாதமாக எனக்கு அடிவயிற்றில் வலி. தேதி தப்பி ரத்தமும் படுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவள் பெரியவளாவதை எண்ணிப் பார்ப்பேன், ஒரு இடத்தில் எண்ணிக்கை நின்றுவிடும். போன வாரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இவரிடம் சொன்னேன். பயந்துவிட்டார். பயந்தவர் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"ஜூன்ல ஊருக்குத்தானே போறோம். அங்க உங்க அம்மாவும் கூட இருப்பாங்க. இப்ப இக்காமா விசா புதுப்பிக்கிற நேரம் வேற…"

"இல்லைங்க. இங்கதான். நாளைக்கே. என் பேர்லதான் ஃபைல்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தட்டைப் பார்த்தபடி, "சரி, காலைல லீவு சொல்லிடறேன்" என்றார்.

ரத்கா தன் ஓய்வு நாளில் வந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை முடிவு வரும். டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீங்கள் என் பயத்தைக் குறைத்துவிட்டுப் போனீர்கள் என்று எழுத ஆசை. குறையவில்லை அக்கா, கூடத்தான் செய்தது. ஆனால் முன்பெல்லாம் அது பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும். இப்போது அது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கிளினிக்கில் நம்பர் சீட்டு வாங்கி, பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்கிறது. பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறது.

சனிக்கிழமை கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன்.