கைதட்டலுக்கு அடியில்

11-6-1989, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: மகன் நடேசன். மருமகள் லெட்சுமி. பேத்தி அருந்ததி. மகள் புஷ்பவள்ளி, அவள் புருஷன் - மாப்பிள்ளை என்று எழுதினால் போதும். ரேடியோ கடை பஷீர். அப்புறம் நான். வராதவன் முனுசாமி, நடேசன் அப்பாவின் தம்பி. வந்திருந்தாலும் வாசல் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டான். பதினோரு வருடமாக இந்த வீட்டில் அதுதான் சட்டம். போட்டவள் நான்.

யார் யார் சிரித்தார்கள் என்பது மறந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் பேர் பேராக எழுதி வைக்கிறேன்.

என் கேசட் சத்தம் லெட்சுமிக்கு ஆகவில்லை. அருந்ததிக்குப் பரீட்சையாம். அதனால் காதில் மாட்டும் ஹெட்போன் வந்தது, மாட்டுக்குக் கொம்பு வைத்த மாதிரி. அதை நேரே கேசட் ரேடியோவில் சொருகினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருந்தது. நடுவில் வைக்க நடேசன் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். ஆம்ப்ளிபையர் என்று பேர். நாற்பத்தைந்து வெள்ளி. சத்தம் கூடியது, கூடவே அப்பளம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சலும் வந்தது. பஷீரிடம் சொன்னேன். அவன் இன்று வேறொரு பெட்டி கொண்டுவந்தான். ஜப்பான்காரன் செய்தது, இரும்பு உடம்பு, செங்கல் கனம். இருநூற்று எண்பது வெள்ளி.

மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காதே. "ஆறு மடங்கு விலை. ஆறு மடங்கு கேக்குமா, அத்தே?"

இரண்டு பெட்டியையும் துண்டு போட்டு மூடினார்கள். அருந்ததி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, ஒயரை மாற்றி மாற்றிச் சொருகி, இப்போது எது, இப்போது எது என்று பத்துத் தடவை கேட்டாள். நாலு தடவைதான் சரியாகச் சொன்னேன்.

"கேக்காம சொன்னாலே அஞ்சு வரும் லா. பாட்டி நாலு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவள்ளியும் சிரித்தாள், நான் பெற்றவள். பஷீர் மட்டும் சிரிக்கவில்லை.

"பாட்டு எப்பவும் சத்தமாத்தாம்மா இருக்கும், அதுல தெரியாது. சத்தம் இல்லாத எடத்துல கேட்டுப் பாருங்க. சனிக்கெழம வரைக்கும் வச்சிருங்க. வேணாம்னா திருப்பிக் குடுங்க, எனக்கு ஒண்ணும் கோவம் வராது."

உனக்கு வராது தம்பி. எனக்கு வரும்.

பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவதற்குச் சீட்டு எழுதும்போது வீட்டுக்காரர் பேர் என்ன என்றான். வழக்கம்போல் நடேசன் சொன்னான். அந்தப் பேரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. பெண்டாட்டி சொல்லக் கூடாது என்று வளர்த்தார்கள். ஐ.சி. என்கிற அடையாளக் கார்டு எடுக்கப் போனபோதுகூட அங்கிருந்த குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நடேசன் ஓடிவந்து சொன்னான்.

12-6, திங்கள்

லெட்சுமி தன் அக்காவிடம் போனில் 'பத்துக்கு நாலு' கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன், கேட்காது என்று நினைப்பு. ஒயரைச் சொருகவே இல்லை நான்.

13-6, செவ்வாய்

பாசாரில் காய்கறி வாங்கி வரும் வழியில் நடேசன் காரை மெதுவாக ஓட்டினான். மெதுவாக ஓட்டினால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். அப்படி என்னம்மா இருக்கு அந்தக் கேசட்டில், பதினோரு வருடமாக ஒரே கேசட் என்றான். ஐயர் மந்திரம் நன்றாக இருக்கிறது என்றேன்.

அவனிடம் எப்படிச் சொல்வது? இங்கே எழுதலாம்.

அது நடேசன் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த கேசட். 1978, மாசி மாதம், இதே டத்தோ கிராமாட் ரோட்டு வீடு. நடேசன் ரெக்கார்டரைத் தாம்பாள மேசையில் வைத்தான். கடைசியில் அவர் எழுந்து நாலு நிமிஷம் பேசினார். மேளக்காரருக்கு நன்றி. பந்தல் போட்ட சீனனுக்கு நன்றி. தம்பி முனுசாமிக்கு நன்றி. முனுசாமி பெண்டாட்டிக்கு நன்றி - பாயாசத்துக்காம். மூன்று நாள் அடுப்படியில் நின்றவள் நான். எனக்கு? ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் எல்லாரும் கைதட்டியபோது அவர் வாய் அசைந்தது. அடுப்படிக் கதவில் நின்று என் கண்ணால் பார்த்தேன். என்னமோ சொன்னார். கைதட்டலுக்கு அடியில் அது மாட்டிக்கொண்டது. சின்னப் பெட்டியில் கேட்டால் கைதட்டலும் அப்பளமும்தான்.

அது என் பேரா? அதுதான் எனக்குத் தெரியவேண்டும். உங்கப்பன் என்னை ஒரு வார்த்தை சொன்னானா என்று பார்க்க இருநூற்று எண்பது வெள்ளி செலவழிக்கப் போகிறேன் என்று பெற்ற மகனிடம் சொல்ல முடியுமா?

14-6, புதன்

அந்த முனுசாமியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அறுபதாம் கல்யாணம் முடிந்து ஐந்தே மாதத்தில் ஆனியில் அவர் போனார். வயிற்றில் கட்டி. பிணம் கிடக்கும்போது முனுசாமி வந்து அழுதான். தை மாசமே டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு என்று அழுதான். தை மாசமே! அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள், ஆம்பளைச் சொந்தக்காரனைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இவன் அதை வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கும் சொல்லாமல் எனக்கும் சொல்லாமல், வந்து பாயாசம் குடித்துவிட்டுப் போனான். அன்றே வெளியே போடா என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தால் கடைசி நாள் காலையில் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?

16-6, வெள்ளி

பஷீர் பெட்டியை அட்டையில் கட்டி வைத்துவிட்டேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். நாலு மார்க் வாங்கின காதுக்கு நாற்பத்தைந்து வெள்ளி போதுமாம், மாப்பிள்ளை போன் போட்டுச் சொல்கிறார். போனை வைத்துவிட்டேன். ஒரு தடவைகூட என் கேசட்டைப் போட்டுப் பார்க்கவில்லை நான். பயமா? யாருக்குப் பயம்.

17-6, சனி

காலையில் லெட்சுமியும் அருந்ததியும் கோயிலுக்கு, நடேசன் பாயான் பாரு பாக்டரியில் ஓவர்டைம். கட்டை அவிழ்த்தேன்.

அப்பளம் இல்லை. முதலில் ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன், அவ்வளவு சுத்தம். அப்புறம் அவர் தொண்டையைச் செருமினார். என் தோளுக்குப் பின்னால் நின்று செருமினதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன் - பைத்தியக்காரி.

கைதட்டல் வந்தது. அதற்கு அடியில் அவர் சொன்னது கேட்டது. "எல போட்டாச்சு, எல்லாரும் சாப்பிடப் போங்க."

அவ்வளவுதான். பதினோரு வருடம்!

வந்த கோபத்தில் கேசட்டை நிறுத்தக்கூடக் கை போகவில்லை. அது ஓடியது. சின்னப் பெட்டியில் அந்த இடத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது, வெறும் பொரியல், நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். இன்று ஓடியது. ஆட்கள் நகர்ந்தார்கள், நாற்காலி இழுபட்டது, குழந்தை அழுதது. அப்புறம் கூடத்தில் யாரும் இல்லை. மேசைப் பக்கத்தில் இரண்டு பேர், மெதுவாக.

"அண்ணிகிட்ட சொல்லிடுவோம்ணே. நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க." முனுசாமி.

"சொல்லாத. சொன்னா திட்டுறத நிறுத்திடுவா. பக்கத்துல உக்காந்து அழுவா. நாப்பது வருசமா திட்டு வாங்கியே சாப்பிட்டவன்டா நான். கடைசி வரைக்கும் அப்படியே போயிடுறேன்." கொஞ்சம் சிரிப்பு. "கையக் குடு. சத்தியம் பண்ணு."

மூன்று தடவை கேட்டேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

சாயங்காலம் பஷீர் வந்தான். வேணாமாம்மா, திருப்பி எடுத்துக்கவா என்றான். தபாலாபீஸ் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த காசைக் கொடுத்தேன். சத்தம் இல்லாத எடத்துல வித்தியாசம் தெரிஞ்சுச்சா என்று கேட்டான். தெரிஞ்சது தம்பி, நீ போ என்றேன்.

18-6, ஞாயிறு

சாப்பிடவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. லெட்சுமி பயந்துபோய், அத்தே, டாக்டரக் கூப்பிடவா என்கிறாள்.

20-6, செவ்வாய்

தெரிந்திருக்கிறது அவருக்கு. டாக்டர் சொன்னதைத் தம்பி மறைக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, எதிரே உட்கார்ந்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவார். முனுசாமி பெண்டாட்டி பாயாசத்துக்கு நாக்கு ஏங்குகிறது, என் சோறு இறங்கவில்லை என்று நினைத்தேன். போய் அவ கையாலயே தின்னுங்க என்றேன். ஒருநாள் இல்லை, ஐந்து மாதம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, கிழவனுக்கு இடுப்பைக் காட்டிக்கொண்டு திரிய ஆசை என்றேன். சிரித்தார். இப்போது புரிகிறது எதற்குச் சிரித்தார் என்று.

கடைசி நாள் காலை. மணி ஒன்பது. போர்வையைப் பிடித்து இழுத்தேன். "வெக்கமா இல்ல? பச்சப்புள்ள மாதிரி தூங்குறீங்க. எந்திரிங்க." அதற்கும் சிரித்தார். மத்தியானம் போய்விட்டார்.

அவருக்கு வேண்டியது கிடைத்தது. எனக்கு வேண்டியதை யார் கேட்டது? பக்கத்தில் உட்கார்ந்து அழ எனக்கு வேண்டியிருந்தால்? கால் பிடித்துவிட வேண்டியிருந்தால்? வாயில இருக்கிற விஷத்தையெல்லாம் கொட்டவிட்டு வேடிக்கை பாத்துட்டுப் போயிட்டீங்களே - நான் மனுஷி இல்லையா?

25-6, ஞாயிறு

ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய் டாக்சி பிடித்து பாகான் டாலாம். யாரிடமும் சொல்லவில்லை. முனுசாமி வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"கேசட்டில் உன் குரல் இருக்கு" என்றேன். எந்தக் கேசட், எந்த இடம் என்று கேட்கவில்லை. முகம் மாறியது. அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது.

"அவர் செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது அண்ணி, கேட்டையே தெறக்கலயே நீங்க."

அவன் பெண்டாட்டி இலை போட்டாள். சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு கூட, சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை, வராது. பையில் பழைய சின்னப் பெட்டி இருந்தது. எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

"இரையும்" என்றேன்.

"பரவால்ல அண்ணி."

9-7, ஞாயிறு. ஆனி திதி

ஐயர், இறந்தவர் பேர், கோத்திரம் கேட்டார். நடேசன் சொன்னான். முனுசாமி அவன் பக்கத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணியும் விட்டான். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், அந்தப் பெட்டி வாங்கினது லாபமா நஷ்டமா அத்தே என்றார். முதலில் உங்க எலையில பாயாசத்த மிச்சம் வைக்காதீங்க என்றேன். பாயாசம் நான் வைத்தது.

எல்லாரும் போனபிறகு, நாலு மணிக்கு, ஹெட்போனை மாட்டினேன். தினமும் மாட்டுகிறேன். சாப்பிடப் போங்க என்கிறார், கைதட்டல் ஓய்கிறது, தம்பியிடம் சத்தியம் வாங்குகிறார். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டுத் திட்டத் தொடங்குகிறேன். லெட்சுமி கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறாள்.

திட்டு நின்றுவிடும் என்றுதானே பயந்தீங்க. நிற்காது. முனுசாமியை விட்டாச்சு. லெட்சுமியை, மாப்பிள்ளையை, அந்த நாலு மார்க் சிரிப்பை, எல்லாத்தையும் விட்டாச்சு. இனி மன்னிக்காத ஆள் ஒரே ஆள்தான். ஐம்பத்தோரு வருடத்தில் முதல் தடவை உங்க பேரை எழுதுகிறேன்.

தங்கராஜு.