எடுத்த நடவடிக்கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று வழக்கமாக இரண்டாவது வரியிலேயே எழுதிவிடுவேன், இந்தத் தடவை எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. பதறாதே, சொல்கிறேன், ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்பாய், அதற்கு லிஃப்ட் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாம்தான், நீ கூப்பிட்டால் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, நல்லா இருக்கேன்னு சொல்லு, நல்லா இருக்கேன்னு சொல்லு என்று வாயசைப்பார், நானும் அதையே சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் பிரார்த்தனை அறை ஒன்று இருந்ததே, ஒரு பெஞ்சு, ஒரு மங்கலான விளக்கு, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கட்டியவர் வெறுமனே விட்ட ஒரு சுவர், நீகூடப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் எட்டிப் பார்ப்பாய், அதை மூடிவிட்டோம். தீர்மானம் கொண்டுவந்தது உன் அப்பாதான். நாற்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதித்தவர், கண்ணாடிக் குழாய்க்குள் வராத எதையும் நம்பமாட்டார் என்பது உனக்குத் தெரியும். ஒரு மாதம் முழுக்க அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தார், உள்ளே போனவர்கள் மொத்தம் நான்கு பேர், இரண்டு பேர் போன் பேச, ஒருவர் மழைக்கு ஒதுங்க, இன்னொருவர் கழிவறை என்று நினைத்து. ஆனாலும் அப்பா நியாயஸ்தர் அல்லவா, குடியிருக்கிறவரைக் கேட்காமல் காலி செய்வது முறையல்ல என்று கடவுள் பெயருக்கே ஒரு நோட்டீஸ் தயாரித்து, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று கதவில் ஒட்டினார். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. பொதுக்கூட்டத்தில் முப்பத்தொரு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. செயலாளர் என்ற முறையில் நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்ததால் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை, எழுதுகிற கைக்கு அது ஒரு வசதி. அந்த அறையில் இப்போது உடற்பயிற்சிக்கு ஏறி ஓடுகிற இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். யாரும் ஓடவில்லை, அதன் மேல் துண்டு காயப்போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு எனக்குப் புகார்கள் வர ஆரம்பித்தன. கட்டடத்தில் ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை, உடனே சரிசெய்யவும் என்று ஆறாம் மாடி வங்கி மேலாளர் எழுதிக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தோம், விளிம்புவரை நிறைந்திருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மின்சாரத்தை அளந்து பார்த்து, குறையேதும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்றார். பெயின்டரைக் கேட்டதற்கு, மேடம் எல்லாம் இந்தச் சாம்பல் கலராலதான், பச்சை அடிச்சுப் பாருங்க, மனசு நிறைஞ்சிரும் என்றார். அடித்தோம். அடுத்த வாரம் அதே புகார் வந்தது, பெயின்ட் நாற்றம் என்ற கூடுதல் வரியோடு. செயற்குழு இரண்டு மணி நேரம் கூடி விவாதித்து, குறைவது என்ன என்பதைக் கண்டறிய ஒரு துணைக்குழு அமைத்தது. துணைக்குழுவில் இரண்டு உறுப்பினர்கள் குறைகிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஐந்தாம் மாடி பல் டாக்டர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே இருபது நிமிடம். உள்ளே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அழுத்தினால் ஒரு பெண் குரல் பேசும். பதற்றம் வேண்டாம், நீங்கள் தனியாக இல்லை, நீங்கள் சொல்வது கேட்கிறது, உதவி வந்துகொண்டிருக்கிறது, இருந்த இடத்திலேயே இருங்கள், என்று. வெறும் பதிவுதான், பராமரிப்புக் கம்பெனிக்காரர்கள் போட்டு வைத்தது. கதவைத் திறந்து வெளியே இழுத்தபோது பல் டாக்டரின் முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்துல எங்கிட்ட யாரும் இப்படிப் பேசினதில்ல மேடம் என்றார். மறுநாள் பழுதே இல்லாத லிஃப்ட்டில் தானாகப் போய் ஏறி, பொத்தானை அழுத்திவிட்டு இறங்கி வந்தார். அதற்கடுத்த நாள் மனைவியோடு. ஒரே மாதத்தில் லிஃப்ட் வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார், இப்போது கழற்றாமல் ஏறினால் முறைக்கிறார்கள். முதலில் நின்றது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என்பதால் அங்கே அழுத்தினால்தான் பலன் என்று ஒரு கட்சி, எந்த மாடியில் அழுத்தினாலும் கேட்கும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. கடவுளைக் காலி செய்யக் கை தூக்கிய அதே முப்பத்தொரு பேர்தான், வேறு யாரும் வெளியிலிருந்து வரவில்லை.

அப்பா மட்டும் ஏறவில்லை. டேப் ரிக்கார்டரைக் கும்பிடுறதுக்கு நான் ஆளில்லை என்று சொல்லிவிட்டு, எட்டு மாதமாக ஏழு மாடியும் படியேறித்தான் வந்தார், காய்கறிப் பையோடு. இதை நான் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் தப்பு. போன மாதத்திலிருந்து வந்து சேர நேரமாகிறது. ஒரு நாள் தேடிக்கொண்டு இறங்கினால் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருக்கிற விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருக்கிறார். என்னங்க என்றால், இதுல மூணாவது விதி தப்பா எழுதியிருக்கு என்கிறார். பேச்சில் பாதி மூச்சாக இருந்தது. பிறகு கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று இரண்டு தடவை வெளியே போய்விட்டு வந்தார், பழைய கண்ணாடியோடேயே.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். லிஃப்ட்டில் பொத்தானை அழுத்தினால் குரல் பேசுவது மட்டுமல்ல, உள்ளே பேசுவதெல்லாம் காவலாளி அறையில் இருக்கிற ஸ்பீக்கரிலும் கேட்கும். இது கட்டியவருக்கும் கம்பெனிக்கும் காவலாளிக்கும் தெரியும், குடியிருக்கிறவர்கள் மறந்துவிட்டோம். நம் காவலாளி முன்பு ஒரு அலுவலகத்தில் தபால் பதிவு செய்தவர், விதி என்றால் விதிதான். ஒவ்வொரு அவசர அழைப்பையும் தேதி, நேரம், மாடி, பழுதின் தன்மை, எடுத்த நடவடிக்கை என்று ஐந்து கட்டத்தில் பதிய வேண்டும் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது, பதிந்திருக்கிறார். மாதக் கடைசியில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த செயலாளர் படிக்காமல் போட்டார், நானும் சில மாதம் அப்படியே போட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள், ஒரே மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அவசர அழைப்பு ஏன் என்று கேட்டிருக்கிறார்கள், அதனால் உட்கார்ந்து படித்தேன். முப்பது வருடம் அச்சகத்தில் பிழைதிருத்தியவள், படிக்க ஆரம்பித்தால் ஒரு வரி விடமாட்டேன்.

மூன்றாம் மாடி அம்மாள், பழுதின் தன்மை, மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எடுத்த நடவடிக்கை, மின்விசிறி சரிபார்க்கப்பட்டது. ஆறாம் மாடி வங்கி மேலாளர், பழுதின் தன்மை, காலையில் எதற்காக எழுந்திருக்கிறோம் என்று தெரியவில்லை, எடுத்த நடவடிக்கை, கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒன்பதாம் மாடிக் கணவர், மனைவி முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்பதாம் மாடி மனைவி, பத்து நிமிடம் கழித்து, கணவர் முதலில் கேட்க வேண்டும், எடுத்த நடவடிக்கை, இருவரையும் ஒரே தடவையில் இறக்கிவிட்டேன். பல் டாக்டர், பழுது எதுவுமில்லை, நன்றி சொன்னார். இப்படிச் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். அதில் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து, ஏழாம் மாடி ஐயா, மூன்றாம் மாடியில் ஏறினார் என்றிருந்தது. காவலாளி ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தார். இது ரெக்கார்டிங்னு எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். இதயத்துல ஒரு வால்வு சரியா மூடலையாம், ஆபரேஷன் பண்ணணும்கிறாங்க. அவகிட்ட சொன்னா பையனுக்குச் சொல்லிருவா. அவன் போட்டது போட்டபடி கிளம்பி வருவான், அது பாவம். வரலைன்னா, அது இன்னும் பாவம், எனக்கு. யார்கிட்டயாவது சொல்லி வைக்கணும்போல இருந்துச்சு, உங்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். எடுத்த நடவடிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது.

காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மேடம், எழுதணும்னு ரூல், எழுதினேன், வெளியில ஒரு வார்த்தை பேசல, இதுக்கு மட்டும் என்ன போடுறதுன்னு தெரியல என்றார். இத்தனை பேர் பேசினார்களே, ஒருவருக்காவது பதில் சொல்லத் தோன்றவில்லையா என்றேன். உதவி வந்துக்கிட்டிருக்குன்னு அந்தம்மாவே சொல்லிடுறாங்களே மேடம், அதுக்கு மேல நான் யாரு என்றார். மேலே வருவதற்கு லிஃப்ட்டில் ஏறினேன், பொத்தானை அழுத்தினேன், அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள், ஏழாம் மாடி வந்ததும் இறங்கிவிட்டேன். இன்று காலை போய்ப் பார்த்தால் அதையும் பதிந்திருக்கிறார். ஏழாம் மாடி செயலாளர், பழுதின் தன்மை, எதுவும் சொல்லவில்லை. எடுத்த நடவடிக்கை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னை வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை, குறிப்பெழுதுகிற கைக்கு அந்த வசதி இந்தத் தடவை இல்லை என்பது மட்டும் தெரிகிறது. வந்தால் நல்லது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் பண்ணு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, லிஃப்ட்டைப் பற்றிச் சும்மா கேள். திட்ட ஆரம்பிப்பார், திட்டி முடிக்கும்வரை வைக்காதே, முடிகிற இடத்தில் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள், பல் வலியைத் தள்ளிப் போடாதே. உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், யார் கொடுப்பார் என்று அப்பா கேட்பார், கொடுக்கிறவர் கொடுக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே பேசிவிடு. வெள்ளிக்கிழமை சோதனைக்கு வருகிறவர்கள் காலிக் கட்டத்தை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு நேராக என் கையாலேயே நிரப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எடுத்த நடவடிக்கை, மகனுக்குக் கடிதம் எழுதப்பட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா
செயலாளர் (பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை)