பார்சலில் வந்த அதிமதுரம்

கற்பிட்டி
12.08.2007

அன்பு மகள் பரீனாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். லண்டனில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத இம்முறை மனம் வரவில்லை.

உன் தங்கை மர்ளியாவை வியாழக்கிழமை கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்டினோம். வழியில் நாலு இடத்தில் ஆமிக்காரர்கள் சோதனைக்காகப் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள், பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். இந்தத் தலையிடி நாட்டு நிலைமையால் வந்த பயம் என்றுதானே இரண்டு வருடமாக நினைத்திருந்தேன், நீயும் போனில் ஓம் உம்மா, பயம்தான் என்றாய். டொக்டர் பிரஷரை இரண்டு தரம் பார்த்துவிட்டு, பத்தொன்பது வயதில் இவ்வளவா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்றார். இல்லை என்றேன். உன் வாப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்துக் கொடுத்தார். நிக்காஹ் முடிந்து லண்டன் போன புதிதில் நீ அவருக்கு அனுப்பிய லண்டன் ஆஸ்பத்திரிக் கடிதம்.

பயமும் கவலையும் வரும்போது உடம்பில் ஒரு ஹோர்மோன் கூடுமாம், சிறுநீரகத்தில் அதை அடக்க ஒரு நொதியம் இருக்குமாம். தாய் தகப்பன் கொடுக்கும் பரம்பரை அலகில் பழுதிருந்தால் நொதியம் வேலை செய்யாது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரஷர் ஏறி அந்தச் சிறுநீரகமும் கெடும். உனக்கு ஒரு பக்கத்துப் பழுதுதான். நானும் வாப்பாவும் மாமா மகள், மாமி மகன் அல்லவா, மர்ளியாவுக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டது. மிஞ்சியிருந்த கொஞ்ச நொதியத்தையும் நான் அவித்துக் கொடுத்த அதிமதுரம் கெடுத்துவிட்டது என்றார் டொக்டர். அதைத் தொடக்கூடாது, கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே இருந்தது, மகள்.

வாப்பாவிடம் கேட்டால், உன் மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது, யாரிடமும் சொல்லாதீங்க என்று நீ அழுதாயாம், இரத்தத்தில் சின்னப் பழுது என்று மட்டும் சொன்னாயாம். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு அனுப்பிய ஒவ்வொரு பார்சலிலும் அதிமதுரம் வைத்தேன், குடிச்சேன் உம்மா, நல்லாயிருந்திச்சு என்றாய். தங்கச்சிக்கும் தினமும் அவித்துக் கொடுக்கிறேன் என்று எத்தனை தரம் சொன்னேன்! நீ உன்னுடையதைக் குப்பையில்தான் போட்டிருப்பாய், எனக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாய்.

சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது, மாத்திரையும் உப்பில்லாச் சாப்பாடும் மிச்சத்தைக் காப்பாற்றலாம். கருவாடு கொதித்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் சப்பென்ற கறிதான், வாப்பாவுக்குச் சோற்றை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதே, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். கோபம் இருந்தாலும் உனக்காகக் கையேந்தாமல் நான் தொழுகைப் பாயை விட்டு எழும்பியதில்லை, அல்லாஹ் உன்னைக் காப்பானாக. ஒன்றை மறக்காதே. என் கசாயம்தான் கேடு செய்தது என்று மர்ளியாவிடம் சொன்னேன். தெரியாமத்தானே தந்தீங்க உம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள் என்று நான் சொல்லவில்லை. அதை நீயே அவளுக்கு எழுது.

உன் உம்மா,
பளீலா