உடம்புக்கு ஒரு கட்டம்

மார்ச் 4

அன்பு வாலுவுக்கு,

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். பாதி நலம். நீ வேலை பார்க்கும் ஆலையில் செய்த இடுப்பு மூட்டை உள்ளே வைத்து நாலு மாதமாகிறது. முதல் இரண்டு மாதம் ஓடாத குறைதான். இப்போது காலையில் எழுந்தால் கால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது. தொடையெல்லாம் தடிப்பு, அரிப்பு. டெப்போவில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, பாஸ் கொடுக்கும் ஜன்னலில் உட்காரவைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்தவளுக்கு நாற்காலி ஒரு தண்டனை. மேலே பூசியிருப்பதை உடம்பு சொந்த எலும்பென்றே நினைத்துக்கொள்ளும் என்று நீதானே சொன்னாய்? என் உடம்பிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 15

அருமை அக்காவுக்கு,

சோதனைக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். உடனே டாக்டரிடம் போ. உள்ளே எது நுழைந்தாலும் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஓடிவந்து தொட்டுப் பார்க்கும். பூச்சு பிடித்துப்போனால் விலகிவிடும், எலும்பு வந்து ஒட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் தின்னப் பார்க்கும். உலோகத்தைத் தின்ன முடியாதே, அதனால் தழும்புச் சதையால் சுற்றிச் சுவர் கட்டிவிடும். அப்போது எலும்பு ஒட்டாது, மூட்டு ஆடும். கிருமி இருந்தாலும் இப்படி ஆகலாம், முதலில் அதைப் பார்க்கச் சொல். இந்த மூட்டை வைக்கச் சொன்னதே நான்தான்.

வாலு

மே 2

அன்பு வாலுவுக்கு,

எடுத்துவிட்டார்கள். கிருமி இல்லையாம். சுற்றிலும் நீ சொன்ன அதே சுவர். இப்போது இடது இடுப்பில் ஒன்றுமில்லை. கால் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோலில் குளியலறைக்குப் போய்வருவதே ஒரு டிரிப். கழற்றியதைச் சோதனைக்கு உங்கள் ஆலைக்கே அனுப்பியிருக்கிறார்கள். பூச்சில் கோளாறு என்று அறிக்கை வந்தால் வேறு வகை மூட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 20

வாலு,

அறிக்கை வந்தது. காரணம், நோயாளியின் உடல் எதிர்ப்பு. டாக்டர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "உங்க உடம்பு உலோகத்த ஏத்துக்காதுன்னு எழுதியிருக்கும்மா. இன்னொன்னு வைக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

கீழே இருப்பது உன் கையெழுத்து. நீ என்ன பார்த்தாய் என்று எனக்கு மட்டும் எழுது.

அக்கா

ஜூலை 9

அக்கா,

மூட்டோடு வந்த சீட்டில் ஆபரேஷன் தேதியைப் பார்த்ததுமே உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு மேஜைக்குப் போய்விடும், நானே பார்த்தால் நியாயமாகப் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

நுண்ணோக்கியில் பூச்சு ஓரத்தில் செதில் செதிலாக உரிந்திருந்தது. செல்களும் மொய்த்துக் கிடந்தன. பூச்சு உரிந்ததால் அவை வந்தனவா, அவை வந்து அரித்ததால் பூச்சு உரிந்ததா, இனி யாராலும் சொல்ல முடியாது. படிவத்தில் பூச்சுக்கு ஒரு கட்டம், உடம்புக்கு ஒரு கட்டம். ஒன்றில்தான் குறி போடலாம். மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார். "பூச்சுன்னு போட்டா அந்த லாட்ல செஞ்ச மூட்டு மொத்தத்தையும் திரும்ப வாங்கணும். உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உடம்பென்று போட்டேன். அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதை அவர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பூச்சென்று வந்தால் வேறு மூட்டு வைக்கலாம் என்று நீ எழுதிய மே மாதக் கடிதம் அன்று என் பையில்தான் இருந்தது.

இதை டாக்டரிடம் காட்டு. என் வேலை போனால் போகட்டும்.

வாலு

ஜூலை 28

தங்கைக்கு,

காட்டினேன். இரண்டு முறை படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார். "நிச்சயமாத் தெரியலன்னுதானே இதுலயும் இருக்கு. இத வச்சு நான் எப்படிம்மா கத்திய எடுக்கறது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

பாஸ் ஜன்னலுக்கு என்னை நிரந்தரமாக மாற்றிவிட்டார்கள். உத்தரவு நேற்று வந்தது, வாங்கிக்கொண்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று. நீ வேலையை விட்டுவிடாதே, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இங்கே வரவும் வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிப்பேன். பதிலை மட்டும் எதிர்பார்க்காதே.