பால்கஞ்சி குடித்த பிள்ளைக்கு மயக்க மருந்து

மிஸி,

முந்தநாள் பேத்தியின் மகனுக்கு இரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாதிப் பிள்ளை அவன் கையில் ஏதோ களிம்பைப் பூசி, "ஒரு மணித்தியாலம் இருங்கோ அம்மம்மா, பிறகு ஊசி நோகாது" என்றாள். ஊசி குத்துவதற்கே விறைப்பு மருந்து! ஓடிவந்து உங்களுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீங்கள் கண்மூடி நாலு வருஷம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் காலத்தில் நாலு பேர் அமத்திப் பிடிப்பதுதானே பிள்ளைகளுக்கு மயக்க மருந்து. முல்லைத்தீவுப் பக்கத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அதற்கு ஒத்துக்கொள்ளாத தாதி நீங்கள் ஒருவர்தான், மிஸி. "பிள்ளையென்ன ஆட்டுக்குட்டியோ?" என்று டொக்டரிடமே கேட்பீர்கள். அப்பப்பா, அந்த வாய்! குசினியில் சமைத்த நான் அதற்குப் பயந்தே சம்பலுக்கு உறைப்பைக் குறைத்தேன்.

அந்த மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஆறு வயது. கெளிற்று மீனின் முள் காலில் முறிந்து சீழ் கட்டியிருந்தது. ஈதர் கொடுத்து மயக்கி வெட்ட வேண்டும், அதுவரை வெறும் வயிறு என்றீர்கள். மழை வெள்ளத்தில் டொக்டர் வரப் பிந்தியது. பிள்ளை பசியில் குழறி அழுதது. என் குசினி வாசலில் ஒரு பிள்ளை பசித்து அழ, நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா? தாய் கிணற்றடிக்குப் போன நேரம் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பால்கஞ்சி ஒரு கோப்பை பருக்கிவிட்டேன்.

மத்தியானம் டொக்டர் வந்தார். மருந்துத் துணியை முகத்தில் வைக்கமுன், "எங்கை, ஊதுங்கோ பாப்பம்" என்று குனிந்தீர்கள். தேங்காய்ப்பால் வாசம். டொக்டர் தாய்மேல் பாய்ந்தார். அவள் மாதாவில் ஆணையிட்டு அழுதாள்.

"அப்ப பிடிச்சு வெட்டுவம்" என்றார் அவர்.

"கையெடுத்துக் கும்பிடுறன் ஐயா, பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ" என்று குறுக்கே நின்றீர்கள்.

பிறகு நேரே குசினிக்கு வந்தீர்கள். "நீங்களோ குடுத்தனீங்கள்?"

"ஓம், மிஸி."

மயக்கத்தில் அந்தக் கஞ்சியைச் சத்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைத்துப் பிள்ளை செத்துப்போகும் என்றீர்கள். நான் அடுப்படியிலேயே குந்தி அழுதேன். "அழாதேங்கோ. முதல் போய்த் தாயிட்டைச் சொல்லுங்கோ. அந்த மனிசி சும்மா ஏச்சு வாங்கினது."

சொன்னேன். அவள் ஏசவில்லை. "எனக்கும் குடுக்கத்தான் மனம் வந்தது அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் என்னையும் உள்ளே கூப்பிட்டீர்கள். நீங்கள் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட, நான் பிள்ளையின் கையைப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். டொக்டர் முள்ளை எடுத்தார். பொழுதுபடப் பிள்ளை கண் விழித்தாள். கட்டுப் போட்ட காலைக் கவனிக்கவேயில்லை.

"மிஸி, எப்ப வெட்டப் போறீங்கள்?" என்றாள்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அழுதீர்கள்.

என் கையால் சாக இருந்த பிள்ளை அது, மிஸி. இன்றைக்கும் பால்கஞ்சி காய்ச்சினால் அகப்பை கையில் அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் அவள் கேட்டது காதில் விழும். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.