நீ செருப்பு கழற்றி வைத்த இடம்

இன்று மாலை குதிகாலில் ஏறியிருந்த நெருஞ்சி முள்ளை ஊசியால் நெம்பி எடுத்தேன். எடுத்த முள்ளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது, பிறகு உன் மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு இந்த முள்தான் காரணம்.

நாம் இரண்டு பேரும் வில்லைப் பிடித்த கதையை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பெரம்பலூரில் கோடை லீவில் பிள்ளைகளுக்கு நடந்த வில் பயிற்சிக்கு நான் என் மகனைக் கூட்டி வந்தேன், நீ உன் மகளைக் கூட்டி வந்தாய். ஒரே வாரத்தில் அதுகள் இரண்டும் வெயில் தாங்காமல் வீட்டோடு நின்றுவிட்டன. மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நமக்குத்தான் அது பிடித்துப்போயிற்று. சொல்லிக்கொடுத்த சார் முதலில் நெளிந்தார், பிறகு ஆளுக்கொரு மூங்கில் வில்லைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் வேறு ஊருக்குப் போவதற்குள் மூங்கிலைச் சீவி நீயே வில் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்தவள், எனக்கு வருடக்கணக்காக ரவிக்கை தைத்தவள், வில்லுக்கும் டேப்பைப் போட்டு என் கையை அளந்தாய். என் நெட்டைக் கைக்கு ஒரு வில், உன் குட்டைக் கைக்கு ஒரு வில்.

ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலில் பூசை முடித்து வந்ததும் வாலிகண்டபுரம் பக்கம் என் அண்ணன் காட்டுக்குப் போவோம். பருத்தி எடுத்து முடித்த வெறுங்காடு. உன் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியைச் சாக்கில் திணித்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தோம். அதுதான் நம் இலக்கு. நான் நாணைக் காது வரை இழுத்து விடுவேன். அம்பு ஒரு நாள் மூட்டையில் இறங்கும், ஒரு நாள் மரத்தைத் தாண்டிப் போய்விடும். நீ உதட்டோரத்தோடு நிறுத்திக்கொள்வாய். உன் அம்பு மூட்டையை விட்டு விலகியதே இல்லை.

இன்னொரு பழக்கமும் உனக்கு இருந்தது. அம்பு விடத் தொடங்கும் முன் மூட்டை வரை நடந்து போவாய். மூட்டைக்குச் சில அடி முன்னால் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி வருவாய். நீ கிறிஸ்தவ ஊரான வரதராசன்பேட்டையில் பிறந்தவள். கோயிலுக்குள் செருப்போடு போகாத பக்தியை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாய் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். மரியாதையில் குறை வைப்பானேன் என்று நானும் கழற்றினேன். அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு, நிற்கிற இடத்திலேயே கழற்றிப் போட்டேன்.

"நீ ஏன்டி கழட்டுற?" என்றாய்.

"நீ கழட்டுறியே."

கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாய். "சரி கழட்டு, ஒடம்புக்கு நல்லதுதான்" என்றாய். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்பை விடும்போது நீ எங்கே பார்க்கிறாய்? உன் பக்கத்தில் நின்று உன் கண்ணையே பார்த்திருக்கிறேன். அது மூட்டையின் மேல் இருப்பதாகத் தோன்றவே தோன்றாது. கேட்டால் ஒரு நாள் மரத்தை என்பாய், ஒரு நாள் என் அண்ணன் வீட்டு ஆட்டை என்பாய். விடாமல் நச்சரித்த ஒரு நாள் மட்டும், "என் எடத்துல வந்து நின்னு பாரு, தெரியும்" என்றாய். வந்து நின்றேன். என் வில்லைக் காது வரை இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நீ காய்ச்சல் என்று வராத ஒரு ஞாயிறு நான் மட்டும் போயிருந்தேன். திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. வில்லை அப்படியே வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். நீ திரும்பி வரவில்லை. நானும் காட்டுப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன், டிவி பார்த்தேன், மத்தியானம் தூங்கினேன். வில்லை விட்டதில் வருத்தம் இருந்ததாகக் கூடச் சொல்ல முடியாது. உன்னை நினைக்காமல் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கதவை நகர்த்தியபோது அது கண்ணில் பட்டது. நாண் பூட்டியபடியே இருந்தது. கழற்றினேன். மூங்கில் நிமிரவில்லை, அரிவாள் மாதிரி வளைந்தே நின்றது. இழுத்தால் உயிரே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால் கூட நாணைக் கழற்றிவிட்டுப் போகிறவள் நீ. "அதுவும் செத்த நேரம் மூச்சு வுடட்டும்டி" என்று என்னையும் கழற்றச் சொல்வாய். அந்த ஒரு நாள்தான் நான் கழற்றவில்லை.

அப்போதுதான் உன் வில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. உன் வீட்டுக்காரர் தன் ஊரான செந்துறைக்கே போய்விட்டார். அரியலூரில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். வாசலில் இரண்டு கவட்டைக் குச்சிகளுக்கு நடுவே உன் வில், அதன் மேல் அவருடைய ஈரத் துண்டு. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் அவசரமாகத் துண்டை உருவினார். நீ செய்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான், பல நாள் இழுக்காத மூங்கில் எப்போது வேண்டுமானாலும் ஒடியும், அதனால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார். "ஒடிஞ்சா ஒடிஞ்சிட்டுப் போவுது. துண்டு காயப்போடவா அவ அத செஞ்சா?"

சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வில்லை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். திரும்பும்போது கண்டக்டர், இதற்கு லக்கேஜ் போடவா, இல்லை டிக்கெட்டே போடவா என்று கேட்டுப் பஸ்ஸையே சிரிக்க வைத்தார்.

ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில் அதை மெல்லப் பழக்கினேன். முதலில் ஒரு சாண் இழுப்பு, மறுநாள் இன்னும் கொஞ்சம். பயம்தான். இது ஒடிந்தால் நீ இரண்டாம் தடவை போன மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. ஆனாலும் அது இன்னும் அம்பு விடுமா என்று பார்க்கும் ஆசை பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

இன்று காலை அண்ணன் காட்டுக்குப் போனேன். மூட்டை நைந்திருந்தது, ஆனால் இருந்தது. கை பழக்கத்தில் காதைத் தேடிப் போயிற்று. உதட்டோரத்தைத் தாண்டியதும் மூங்கில் கிறீச்சிட்டது. அப்படியே நின்றேன். உன் கைக்கு அளந்த வில் அதற்கு மேல் வராது. வேறு வழியில்லாமல் நீ நிறுத்துகிற இடத்தில் நான் நிறுத்தினேன். அம்பு என் கண்ணுக்கு நேர் கீழே வந்து நின்றது. அதன் முனை அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முனை மூட்டையின் மேல் தெரியும்படி வைத்து நாணை விட்டேன். அம்பு மூட்டைக்கு மேலே பறந்தது. இறக்கி வைத்தேன், அதுவும் மேலேதான் போயிற்று. இன்னும் இறக்கினேன். கடைசியில் முனை மூட்டையையே விட்டு இறங்கி, முன்னால் இருந்த வெறும் மண்ணில் நின்றபோது விட்டேன். அம்பு மூட்டையின் நடுவில் போய் இறங்கியது. மறுபடி அதே மண்ணைப் பார்த்து விட்டேன், மறுபடி நடுவில்.

அந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. காய்ந்த பருத்தித் தட்டையும் மண்ணும்தான். குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. உன் செருப்பு இருந்த இடம் அது.

அடிப்பாவி. நீ செருப்பைக் குறி பார்த்துத்தான் அம்பு விட்டிருக்கிறாய். நான் பக்தி என்று நினைத்து இத்தனை ஞாயிறு காலில் முள் வாங்கியிருக்கிறேன். அத்தனை பெரிய காட்டில் தனியாக நின்று உன்னைச் சத்தமாகத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன்.

நீ ஏன் சொல்லவில்லை? காது வரை இழுக்கிறவளுக்கு அந்தக் குறி உதவாது என்பதாலா, என்னை வெறுங்காலோடு பார்க்கிற வேடிக்கைக்காகவா? இரண்டும் உன்னால் முடியும். எது என்று கேட்கத்தான் ஆளில்லை.

கேட்டு முடித்ததும் என் செருப்பைக் கழற்றி அந்த மண்ணில் ஜோடியாக வைத்தேன். வெறுங்காலோடு உன் இடத்துக்குத் திரும்பி நடந்தேன். இந்த முள் அப்போது ஏறியதுதான். வில்லை எடுத்து, உதட்டோரம் வரை இழுத்து, நீ பார்த்த இடத்தைப் பார்த்தேன்.